சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஜெபமாலையின் முதல் பாதியோடு

இந்த முறை மலை இல்லை, ரயில் இல்லை. சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் வரை நடைப் பயணம். என் போன் கணக்கில் ஆறரை கிலோமீட்டர். மாதா திருவிழா நாட்களில், செப்டம்பர் முதல் சனிக்கிழமை, எங்கள் பங்குக் கோயில்காரர்கள் அறுபது பேர் வருடா வருடம் போகிற நடை இது. நான் பக்தியால் போனேன் என்று சொன்னால் மாதாவே சிரித்துவிடுவார். ஒரு வேலையிலிருந்து தப்பிக்கத்தான் போனேன்.

வேலை இதுதான். மந்தைவெளியில் எங்கள் பங்கைச் சேர்ந்த நாற்பது வீடுகளில் யார் இறந்தாலும், ஐஸ் பெட்டி வருவதற்கு முன்பே ரீட்டா அக்கா அங்கே இருப்பார். உடலின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையைத் தொடங்குவார். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் முதல் வார்த்தையை எடுப்பது லேசான காரியம் இல்லை. ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மிச்சத்தை மற்றவர்கள் சொல்வோம். பதினோரு வருடமாக அந்த 'மற்றவர்கள்' கூட்டத்தில், அக்காவுக்குப் பக்கத்திலேயே, எனக்கு நிரந்தர இடம்.

அக்கா இப்போது மகளோடு கோவைக்குக் குடிபோகிறார். பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீங்கதாம்மா தொடங்கணும். இது கடவுளோட அழைப்புன்னு நான் நினைக்கிறேன்" என்றார். இயேசுவைத் தெரியவே தெரியாது என்ற பேதுரு மாதிரி மூன்று தடவை மறுத்தேன். அவருக்காவது சேவல் கூவியது. "சனிக்கிழமை பூசை முடிஞ்சதும் கடைசியா சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கணும்" என்று ஃபாதர் கெடு வைத்துவிட்டார். இந்த வலைப்பூவில் ஓயாமல் வாயடிக்கிற எனக்கு, நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளி ஆபீஸில்தான் வேலை பார்க்கிறேன், அங்கே மைக் இருக்கிற பக்கம்கூடப் போக மாட்டேன். ஆகவே, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளும்படி மாதாவிடம் மனு கொடுக்கக் கிளம்பினேன்.

காலை 4.40க்கு மந்தைவெளியில் ஆட்டோ, எண்பது ரூபாய். 5.05க்கு சாந்தோமில் நடை தொடங்கியது. முன்னால் மீன்பாடி வண்டியில் மாதா சுரூபம், மல்லிகை மாலை, பேட்டரி, ஸ்பீக்கர். ஓட்டுகிறவர் பட்டினப்பாக்கம் கன்னியப்பன். தனக்கும் கோயிலுக்கும் வண்டி வாடகையோடு சரி என்பார், ஆனால் ஒன்பது வருடமாக அவர்தான் வருகிறார். மைக்கோடு ரீட்டா அக்கா, வழக்கம்போல் அவருக்குப் பின்னால் நான். 5.50க்கு துர்காபாய் தேஷ்முக் சாலை. செருப்பில்லாமல் வந்தவர்களின் பாதத்தை ஜல்லி பதம் பார்த்தது. நான் ஷூ போட்டிருந்தேன். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

6.15க்கு அடையாறு திரு.வி.க. பாலம். நடுப்பாலத்தில் ரீட்டா அக்காவின் குரல் போயிற்று. ஒரு வாரமாகத் தினமும் நவநாள் ஜெபம் நடத்திய தொண்டை, முதலில் கரகரத்தது, பிறகு வெறும் காற்றாகி நின்றேவிட்டது. அக்கா திரும்பினார், மைக்கை என் கையில் வைத்தார், அவ்வளவுதான். அறுபது பேரும் காத்திருந்தார்கள். வண்டியும் நின்றுவிட்டது.

"இன்னா அக்கா, பேட்டரி நல்லாத்தான் கீது. சவுண்டே காணோம்?" என்றார் கன்னியப்பன்.

வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

பதினோரு வருடப் பழக்கம். முதல் பாதியை விட்டுவிட்டு, மற்றவர்கள் சொல்ல வேண்டிய பாதியை ஸ்பீக்கரில் முழங்கியிருக்கிறேன். கூட்டம் திகைத்து நின்றது. அவர்களுடையதை நானே சொல்லிவிட்டால் அவர்கள் எதைச் சொல்வார்கள்?

கன்னியப்பன் சீட்டிலிருந்தே திரும்பினார். "அக்கா, அது அவங்கள்து. உன்னுது 'அருள் நிறைந்த மரியே'. ஒம்போது வர்சமா கேட்டுக்கினு வரேன், எனக்கே தெரியுது!"

ரீட்டா அக்கா சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் அறுபது பேரும். அப்புறம் நான். கையில் மைக் இருந்ததால் என் சிரிப்பு ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும். எதற்குப் பயந்தேனோ அது நடந்தாயிற்று. இனிமேல் பயப்பட ஒன்றும் பாக்கி இல்லை. மூச்சை இழுத்துவிட்டு, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று எடுத்தேன்.

பின்னாலிருந்து பதில் வந்தது பாருங்கள்! இத்தனை வருடம் அதற்குள்ளேயே இருந்ததால் அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. இடது பக்கம், ஆறு கடலில் சேருகிற இடத்துக்கு மேல் சூரியன் வந்திருந்தது. பெசன்ட் அவென்யூ முழுக்க நான்தான் தொடங்கினேன். ஜெபமாலையில் ஒரு சுற்றுக்குப் பத்து தடவை சொல்ல வேண்டும், ஒரு சுற்றில் பன்னிரண்டு சொல்லிவிட்டேன், யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

7.10க்குக் கோயில். 7.30 பூசை முடிந்ததும் ஃபாதரைத் தேடிப் போனேன்.

"இனிமே நானே தொடங்குறேன் ஃபாதர்."

"பாலத்துல நடந்ததைச் சொன்னாங்க."

"தலைகீழா சொல்லிட்டேன் ஃபாதர்."

"மோசேக்கும் பேச்சு வராதும்மா. அவருக்காகப் பேசக் கடவுள் ஆரோனை அனுப்பினார். உங்களுக்குக் கன்னியப்பன்."

அழைப்பு என்பது அதற்குத் தகுந்தவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! மனு கொடுக்கப் போன இடத்தில் மனுவை நானே கிழித்துப் போட்டுவிட்டு இளநீர் குடித்தேன். அறுபது ரூபாய்.

நடக்க நினைக்கிறவர்கள் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஏழுக்கு மேல் வெயிலும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். அரை லிட்டர் தண்ணீர் போதும். பூசை நேரம் வருடத்துக்கு வருடம் மாறலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பி வர மந்தைவெளி வழியாகச் சாதாரண பஸ் உண்டு, பெண்களுக்கு இலவசம். ஷூ போடுங்கள். யாராவது மைக்கை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் இருப்பார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் 3.20க்குப் போன் வந்தது. நாலு தெரு தள்ளி ஒரு வீடு, அப்பா இறந்துவிட்டார் என்றார் மகன். ரீட்டா அக்கா முந்தின நாளே ரயில் ஏறிவிட்டிருந்தார். மூன்று மாடி ஏறிப் போனேன். பெரியவரின் மனைவி அவர் கால்மாட்டில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிர் போனதிலிருந்து அழவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை என்றார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கினேன். முதல் மணிக்கு மகன் மட்டும் பதில் சொன்னார். இரண்டாவதுக்கு மருமகளும் சேர்ந்துகொண்டார். நான்காவது மணியில் அந்த அம்மாவின் குரல் வந்தது, அறையில் இருந்த எல்லோரையும் விடச் சத்தமாக.