மூன்றாவது கிளிப்

2024 மார்ச் 9, சனிக்கிழமை பிற்பகல், தேற்றாத்தீவுக்கு அருகே பிரதான வீதியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சின் திடீரென்று இறுகியது. பின்சில்லு நின்றது. ஓட்டியவர் அந்த இடத்திலேயே இறந்தார். பெயர் டிலக்சன். வயது முப்பத்தொன்று.

அவன் என் தம்பி.

இனி எழுதுவது எனக்கு நடந்தது. செய்தி எழுதிப் பிழைப்பவன் நான். கண்ணால் பார்க்காததை எழுதிப் பழக்கமில்லை. நம்ப முடியாதவர்கள் நம்பாமலே வாசியுங்கள்.

எஞ்சின் ஏன் இறுகியது என்று எங்களுக்குச் சொன்னவன் நிதுர்ஷன். கராஜ் வைத்திருக்கிறான். என்னோடு படித்தவன். செத்த வீட்டில் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன். முப்பத்தோராம் நாள் வரை ஒவ்வோர் இரவும் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவன். "ஒயில் இல்லாம ஓடியிருக்கான் மச்சான். எத்தின தரம் சொன்னன்" என்றான்.

அந்தச் சொல்லை அப்பா பிடித்துக்கொண்டார். "தன்ட கவனயீனத்தால புள்ளையத் தகப்பன் இல்லாம ஆக்கிட்டான்" என்று தம்பியின் மனைவி வதனியின் காதுபடவே சொல்வார். வதனி என்னிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னாள்.

"முதல்நாள் ராவு நான்தான் டோர்ச் பிடிச்சன் அத்தான். ஒயில் பாத்திட்டுத்தான் படுத்தவர்."

நவம்பரில் பொலிஸ் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தது. எஞ்சினைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்றாள் வதனி. நிதுர்ஷனிடம் போனேன்.

"பழைய இரும்புக்குக் குடு. திறந்து என்னத்தக் காணப்போறாய்?"

"அப்ப காத்தான்குடியில வேற மெக்கானிக்கிட்டக் கொண்டு போறன்."

கையைத் துணியில் துடைத்தான். "வேணாம். நானே கழட்டுறன்."

நவம்பர் 20. விடிந்ததிலிருந்து மழை. கராஜில் வைத்து எஞ்சினின் மேல்பகுதியைக் கழற்றினான். சிலிண்டரைத் தூக்கினான். பிஸ்டன் வெளியே தெரிந்தது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் ஊசியின் இரு முனையிலும் சின்னக் கம்பி வளையம் ஒன்று இருக்கும். கிளிப் என்பார்கள். ஒரு பக்கத்துக் கிளிப்பைக் குறட்டால் நெம்பினான். அது துள்ளியது.

டிக்.

எஞ்சினின் வாய்க்குள் விழுந்ததை நான் பார்த்தேன்.

"வெளிய பறந்திட்டு" என்றான் அவன்.

"உள்ள விழுந்தது, நிதுர்."

"நீ பேப்பர்காரன், மெக்கானிக் இல்ல. புதுசு ஒண்டு போட்டாச் சரி."

பகிடி போலத்தான் சொன்னான். குறட்டைக் கீழே வைத்தான். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தான். "நீயும் வீட்ட போ. ஒண்டையும் தொடாத." தலையாட்டினேன். ஆனால் அவன் போனதும் மழை அடித்துக் கொட்டியது. வெளியே கால் வைக்க முடியவில்லை.

பகல் 12.40. மின்சாரம் போனது. பக்கத்து அரிசி ஆலையின் இரைச்சல் நின்றது.

அப்போதுதான் கேட்டது... எஞ்சினுக்குள்ளிருந்து.

டிக்.

மழைத்துளி என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். அந்த இடத்தில் கூரை ஒழுகவில்லை.

டிக்... டிக்.

சுவர் ஆணியில், தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூலில் ஒரு சின்னக் காந்தம் தொங்கியது. எடுத்து எஞ்சினுக்குள் இறக்கினேன். முதல் தரமே கிளிப் ஒட்டிக்கொண்டு வந்தது. சற்று முன் விழுந்ததுதான். பளபளத்தது.

மூச்சு விட்டேன்.

டிக்.

மறுபடி இறக்கினேன். வாவியில் தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும். மீன் கொத்தினால் விரலில் ஒரு துடிப்பு வரும்.

அது வந்தது.

பிறகு, கீழிருந்து இழுத்தது...

நான் விடவில்லை. நூல் விரலை அறுத்தது.

பிஸ்டன் அசைந்தது.

தானாக... மெல்ல... ஒரு விரற்கடை மேலே வந்தது.

நின்றது.

நூல் தளர்ந்தது.

உள்ளிருந்து சூடான காற்று முகத்தில் பட்டது. ஓடி நின்ற எஞ்சினின் சூடு.

எட்டு மாதம் அது ஓடவில்லை.

காந்தத்தில் இன்னொரு கிளிப். கறுப்பு. நசுங்கியிருந்தது.

சுட்டது.

1.10க்கு நிதுர்ஷன் வந்தான். என் உள்ளங்கையில் இரண்டு கிளிப்புகள் கிடந்தன. பிஸ்டனின் மற்றப் பக்கத்தில் இன்னொன்று இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த எஞ்சினுக்கு மொத்தமே இரண்டுதான்.

"இத நீ முன்னம் திறந்தியா?"

வாசலிலேயே நின்றான். "பெப்ரவரில. பிஸ்டன் ரிங் மாத்த."

"அப்ப விழுந்தத எடுக்கல்லயா?"

"எடுத்திட்டன் எண்டு சொன்னன்."

"ஆரிட்ட? தம்பியிட்டயா?"

"அவன்தான் கெதியா வேணும் எண்டு தலையில நிண்டான் மச்சான்."

மறுபடியும் பழி செத்தவன் மேல்.

அன்றைக்கே எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். அங்கே அம்ஜத் என்ற மெக்கானிக் மறுநாள் எஞ்சினை இரண்டாகப் பிளந்தார். சிலிண்டரில் ஒரு கீறலும் இல்லை, ஒயில் குறைந்து இறுகிய எஞ்சின் இது இல்லை என்றார். அடியில் கியரின் பல்லுச்சில்லு ஒன்றில் மூன்று பற்கள் நொறுங்கியிருந்தன. பக்கத்தில் கிளிப் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

"இதில செருகியிருந்த கிளிப்ப எப்பிடி எடுத்தீங்க சேர்?"

"மேலால. காந்தம் விட்டு."

சிரித்தார். "பகிடி விடாதீங்க. மேலால நூல் போறதுக்கு வழியே இல்ல. உள்ள இருந்து ஆராவது கழட்டித் தந்தாத்தான் வரும்."

பிஸ்டன் மேலே வந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். பிஸ்டனைத் தூக்கி இறக்கும் தண்டைக் காட்டினார். உடைந்த பற்கள் அதைப் பூட்டிப் பிடித்திருந்தன. சுத்தியலால் அடித்தார். அசையவில்லை.

"அக்சிடன்ட் நடந்த அண்டைக்கு நிண்டது, சேர். அதுக்குப் பிறகு இது இம்மியும் சுத்தல்ல."

கறுத்த கிளிப்பை வதனியே அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதன் பிறகு அப்பா தம்பியைக் குறை சொல்லவில்லை.

நான் பொலிஸில் முறைப்பாடு செய்தேன். டிசம்பரில் நிதுர்ஷன் வாக்குமூலம் கொடுத்தான். நவம்பர் 20க்கு முன் அந்த எஞ்சினைத் தான் ஒருநாளும் திறந்ததில்லை என்றான். விசாரணை அத்துடன் முடிந்தது.