நான் கட்டிய நான்கு வரி

என் பதின்மூன்றாவது வயதில் நான் நான்கு வரியில் ஒரு பாட்டுக் கட்டினேன். அந்தப் பாட்டால் ஒருவன் பள்ளிக்கூடத்தை விட்டான். அவன் என் நண்பன். யாரும் என்னை மிரட்டிக் கட்டச் சொல்லவில்லை. தெரியாமல் செய்த பிழை என்றும் சொல்ல முடியாது. யாரை எங்கே குத்தும் என்று தெரிந்துதான் கட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியாராக இருந்து, ஊரார் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், இதை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

எழுத வைத்தது போன மாதம் எங்கள் மலையில் நடந்த கால்பந்துப் போட்டி. பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டு, பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரு பக்கத்துப் பையன்கள் கைதட்டிக்கொண்டு, எதிரணி ஆட்டக்காரன் ஒருவனின் வீட்டைப் பற்றி ஏதோ பாட ஆரம்பித்தார்கள். வார்த்தைகள் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்தக் கைதட்டலே போதும். எழுந்து மைதானத்துக்குள் நடந்து, நடு வட்டத்தில் போய் நின்றுகொண்டேன். நடுவர் விசில் ஊதினார். "பெருசு, வெயில்ல இன்னா ஆச்சு ஒனக்கு? ஓரமா வா" என்று ஒருவன் கத்தினான். பாட்டு நிற்கும் வரை நான் நகரவில்லை. மயக்கம் வந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்து, என்னைத் தாங்கிப் பிடித்து நிழலுக்குக் கொண்டு வந்தார்கள். மயக்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

எங்கள் மலையில் கடுக்காய் நிறைய. தோல் பதனிட அது வேண்டும். தை, மாசியில் அடிவாரத்துத் தோல் ஊரிலிருந்து ஒருவர் வந்து எங்கள் கொல்லையில் சாக்குக் கட்டுவார். ஒரு மண்டிக்காரருக்காகக் கடுக்காய் பிடித்துத் தருவது அவர் வேலை. பாய் மாமா என்று கூப்பிடுவோம். பள்ளி விடுமுறை நாட்களில் தன் மகனையும் கூட்டி வருவார். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. இரண்டு மூன்று நாள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள்.

நாங்கள் துணிப்பந்து உதைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் ஒரு நிஜமான பந்தோடு மலையேறி வந்தான். இரண்டு பலா மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "வுடுங்கடா பாக்கலாம்" என்பான். எங்கள் பையன்கள் மாறி மாறி உதைப்பார்கள். ஒன்றும் உள்ளே போகாது. ஒல்லியான உடம்பு. ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று அதை உதைப்பவனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் பாறையில் காயப் போட்ட கடுக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஏன் உன் அம்மா ஒரு தடவைகூட மலைக்கு வந்ததில்லை என்று சாதாரணமாகக் கேட்டேன். அவன் புரட்டும் கையை நிறுத்தாமலே கேட்டான்:

"யாராண்டயும் சொல்லமாட்டியே?"

"சொல்லமாட்டேன்டா."

"எங்கம்மாவுக்குப் புத்தி சரியில்ல. தூரத்துல ஒரு தர்காவுல வுட்டு வெச்சிருக்காங்க. ஓடிப் போய்டுதுன்னு கால்ல சங்கிலி போட்டு, தூண்ல கட்டி வெச்சிருக்காங்க. நான் போனா என்னத் தெரியுது. பேரு சொல்லிக் கூப்புடுது. வர்றப்போ சங்கிலிய இழுத்துக்கினு பின்னாடியே வருது." பிறகு, "ஸ்கூல்ல, ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றான்.

எங்கள் மலையிலிருந்தும் இரண்டு பேரை அப்படிக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அதனால் எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, பந்தை எடு என்றேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் கல்யாணம் என்றால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் ஏசிப் பாடுவார்கள். என் அத்தை அதில் பேர் போனவள். மாப்பிள்ளை லட்சணமாக இருந்தால் பன்றி மூஞ்சி என்பாள். பெண் வீட்டில் பத்து மாடு நின்றால், ஒற்றை ஆட்டுக்கும் வழியில்லாத வீடு என்பாள். எதிராளி பதில் பாட, ஊரே சிரித்துவிட்டு ஒன்றாகச் சாப்பிட உட்காரும். இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. இல்லாததைத்தான் பாட வேண்டும். நன்றாக நடக்கிறவனை நொண்டி என்று பாடலாம். நொண்டியை அப்படிப் பாடக்கூடாது. ஒரு கல்யாணத்தில் இதைப் பார்த்து என் நண்பன் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறான்.

அடுத்த வருடம் எங்கள் மலைப் பள்ளிக்கும் அவன் பள்ளிக்கும் போட்டி வந்தது. அடிவாரத்து மைதானம். ஒரு லாரியில் நின்றுகொண்டே நூறு பையன்கள் இறங்கிப் போனோம். அன்றைக்கு ஆட்டம் பார்த்து ஆள் எடுக்க மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். எடுபட்டால் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கலாம், சாப்பாடு இலவசம். எடுபடாவிட்டால் பரீட்சை முடிந்ததும் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்த்துவிடுவேன் என்று பாய் மாமா மகனிடம் சொல்லியிருந்தார். இதையும் அவனே என்னிடம் சொல்லியிருந்தான்.

ஆட்டம் தொடங்கிய உடனே அந்த ஊர்ப் பையன்கள் தகரத்தைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள்.

*காட்டானே காட்டானே*
*மரத்து மேல வூடு!*
*சோறு இன்னான்னு தெரியுமாடா?*
*கெழங்கு தோண்டிப் போடு!*

எங்கள் டிரில் மாஸ்டர், "காதுல வாங்காதீங்கடா, பந்தப் பாருங்க" என்றார். சமவெளிக்காரர் அவர். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டபோது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் அணித் தலைவன் என் அத்தை மகன். கோட்டோரம் ஓடி வந்து, "டேய், எங்கம்மா பாடறதெல்லாம் ஒனக்கு மனப்பாடமாச்சே. ஒன்னு எடுத்து வுடுடா!" என்றான். நான் எடுத்து விட்டேன். கோல்கீப்பருக்கு மாலைக்கண், கோல்கீப்பர் கை ஓட்டைச் சல்லடை என்று பாடினேன். நூறு பேர் வாங்கிப் பாடினார்கள். கோலில் நின்றிருந்த என் நண்பன் திரும்பிப் பார்த்து, கையைச் சல்லடை போல் ஆட்டிக் காட்டிச் சிரித்தான். அடுத்து வந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தான். இது ஏசல், விளையாட்டு என்று அந்த மைதானத்தில் புரிந்துகொண்ட எதிராளி அவன் ஒருவன்தான்.

இரண்டாம் பாதியில் வேகவைத்த கிழங்குகளை எங்கள் மேல் எறிய ஆரம்பித்தார்கள். ஒன்று என் முகத்தில் வந்து அப்பியது. அவர்கள் பக்கம் முழுவதும் கைகொட்டிச் சிரித்தது. கோலிலிருந்து என் நண்பன் கத்தினான்: "டேய், அடிக்காதீங்கடா! அவன் நம்ம ஆளுடா!" அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் என்ன? அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க என் கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிழங்கை வழித்துப் போட்டுவிட்டு, கோலுக்குப் பின்னால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். வரி சொல்லிக்கொடுத்தேன். நான் கேட்க வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

*பெத்தவ எங்கடா?*
*தூணாண்ட! தூணாண்ட!*
*கால்ல இன்னாடா?*
*சங்கிலி! சங்கிலி!*

எங்கள் பையன்கள் இதைப் பொய் என்று நினைத்தார்கள். ஏசல் என்றால் பொய்தானே. சிரித்துக்கொண்டே பாடினார்கள். அது உண்மை என்று அந்த மைதானத்தில் பையன்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

முதல் தடவை அவன் திரும்பவில்லை. இரண்டாம் தடவை தோள் விறைத்தது. மூன்றாம் தடவை மைதானத்துக்கு முதுகு காட்டித் திரும்பினான். நூறு வாய் பாடிக்கொண்டிருந்தது. அவன் கண்கள் ஒருவனைத்தான் தேடின. கண்டுபிடித்ததும் நின்றுவிட்டன. கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கல்லெடுத்து எறிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவன், யாரோ ஒருவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் பந்து உருண்டு வந்து கோலுக்குள் போனது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. என் வாய் மட்டும் தானாகப் பாடிக்கொண்டிருந்தது.

தகரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அந்த ஊர்ப் பையன்களில் ஒருவன் கோல் கம்பம் வரை வந்து, அவனிடம் கேட்டான்: "நெஜமாடா? ஊருக்குப் போயிருக்குன்னு சொன்னியே?"

என் நண்பன் கோலை விட்டு விலகினான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நடந்து வெளி கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். மாவட்டத்திலிருந்து வந்தவர் நோட்டை மூடிவிட்டு டீ கேட்டார். நாங்கள் மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். சமவெளியில் மலைப்பள்ளி ஜெயித்தது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது என்னைத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

சனிக்கிழமை பள்ளி விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனதும் அத்தையிடம் பெருமையாகப் பாடிக் காட்டினேன். அவளும் முதலில் சிரித்தாள். "சங்கிலியா! இத்த எங்கடா புடிச்சே?"

"நெசந்தான் அத்தே. அவனே சொன்னான்."

அத்தை மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டாள். யாரையும் விட்டுவைக்காமல் ஏசும் அந்த வாய் அப்படியே திறந்தபடி நின்றதை அன்றுதான் பார்த்தேன். "நெசத்தப் பாடிட்டியா? பாவி, நெசத்தப் பாடிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே என் தலையிலும் தன் தலையிலும் மாறி மாறி அடித்தாள்.

உண்மையைப் பாடிவிட்டவனுக்கு எங்கள் மலையில் ஒரு பரிகாரம் உண்டு. பாட்டுக்கு ஆளானவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவன் வாயார ஏசும் வரைக்கும் நிற்க வேண்டும். அதுவரை அந்த வீட்டில் உட்காரக்கூடாது, பச்சைத் தண்ணீர் வாங்கக்கூடாது. அவன் ஏசிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

அப்பா என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனார். பாய் மாமா வீட்டைக் காட்டிவிட்டு, "ஏசினப்பறம் வா" என்று சொல்லி மண்டிக்குப் போனார். வாசலில் நின்றேன். பாய் மாமா வெளியே வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு வழக்கமான முகமாக மாறியது. "வா தம்பி. வெயில்ல நிக்காத, வந்து உக்காரு."

"இல்ல மாமா, நிக்கிறேன்."

"அவன் ஸ்கூலுக்குப் போறதில்ல" என்றார், நான் கேட்காமலே. "கிளாஸ்ல பசங்க அந்தப் பாட்டையே பாடறாங்களாம். தோல் ஷாப்புல வுட்டுட்டேன். இப்போ சாப்பாட்டுக்கு வருவான்." அந்தப் பாட்டைக் கட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவன் வந்தான். பத்து நாளில் விரல்கள் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பில் வெடித்திருந்தன. ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்ததைச் சொன்னேன்: "தப்புப் பண்ணிட்டேன். என்ன ஏசுடா."

"இன்னாத்துக்கு?"

"நான் பாடினதுக்கு."

"நீ பொய்யா பாடினே?"

"இல்ல."

"அப்பறம் இன்னான்னு ஏசறது?"

உள்ளே போனான். ஏச வார்த்தை தேடுகிறான் என்று நம்பி நின்றேன். வெளியே வந்தபோது அவன் கையில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. என்னிடம் நீட்டினான். பஸ்ஸிலும் வெயிலிலுமாக எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் இன்னும் ஏசவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"குடிடா."

"வேணாம்."

"தண்ணிதான்டா."

"வேணாம்டா."

அவன் தம்ளரையும் தன் விரல்களையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மைதானத்தில்கூட அவன் முகம் அப்படி ஆகவில்லை. "சரி" என்றான். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். பாய் மாமா அவன் போன பக்கத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்தார்.

பஸ்ஸில் அப்பா கேட்டார்: "ஏசினானா?"

"இல்லப்பா."

"தண்ணி கிண்ணி வாங்கிக் குடிச்சியா?"

"குடுத்தான். குடிக்கல."

"நல்லது" என்றார் அப்பா.

அடுத்த தையில் பாய் மாமா மலைக்கு வந்தார். சந்தையில் கடுக்காய் பிடித்துக்கொண்டு அன்றைக்கே இறங்கிவிட்டார். அதற்கடுத்த வருடம் வேறு ஆள் வந்தார். அம்மா மட்டும், "நாம இன்னா கொறை வெச்சோம்?" என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்து, அடிவாரத்து ஊர் ஒன்றில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அங்கே ஒரு கல்யாண வீட்டில், தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் நீட்டிய தண்ணீரை ஒரு பெரிய மனிதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றார். நீட்டியவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். மறுநாளே பஸ் ஏறி நண்பன் வீட்டைத் தேடிப் போனேன். அந்தத் தெருவே மாறியிருந்தது. கதவைத் திறந்த பெண், நாங்கள் வாங்கிப் பத்து வருடமாகிறது, முன்னால் இருந்தவர்கள் எங்கே போனார்களோ தெரியாது என்றாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வாங்கி முழுவதும் குடித்தேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சிறுவனாக அன்றைக்கு அப்பாவோடு பஸ்ஸில் மலையேறியபோது, நாக்கு வறண்டிருந்ததை நான் பெருமையாகச் சகித்துக்கொண்டு வந்தேன். அவன் ஏசாதது மட்டும்தான் எனக்குக் குறையாக இருந்தது. மற்றபடி என் பங்குக்கு எல்லாம் முறைப்படி செய்துவிட்டதாகவே நினைத்தேன்.