எட்டு மாத்திரை குறைந்த டப்பா

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இரண்டு மாதத்துக்கு ஒரு சுற்று. இருபத்திரண்டு வருடங்களாக அவள் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்து வந்தாள். யார் வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, யார் வீட்டு நாய் வெறும் வாய்ச்சவடால் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளைவிட மூத்தவர்களும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எழுதிய எண்ணை அடித்துத் திருத்தும் பழக்கம் மட்டும் அவளிடம் இல்லை.

அந்த வருடம் தையல்காரர் வீட்டில் ஒரு விபரீதம் நடந்தது. அவருடைய அப்பா இறந்த பின் அலமாரியில் மிஞ்சிக் கிடந்த வலி மாத்திரைகளைத் தையல்காரரின் மகள் ஒவ்வொன்றாக விழுங்கிப் பழகி, ஒருநாள் கல்லூரிப் படிக்கட்டில் சுருண்டு விழுந்தாள். எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நாற்பது பேர் கூடினார்கள்.

"வீட்டுக்கு வீடு இந்த மாத்திரை மிச்சம் கிடக்கு. யாராவது வாங்கிட்டு வந்து குடுத்தா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அழிச்சிடலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அக்காவ விட்டா வேற யாரை உள்ள விடுவீங்க?" என்றார் தையல்காரர்.

அப்படித்தான் ஒரு பழைய பிஸ்கட் டப்பா அவள் பைக்குள் ஏறியது. சனிக்கிழமை பகலெல்லாம் வீடு வீடாக வாங்குவாள். சாயங்காலம் அவள் வீட்டுச் சமையலறை அலமாரித் தட்டில் டப்பா இருக்கும். மறுநாள் காலையில் கடையில் ஒப்படைப்பாள். மருந்துக்கடைக்காரர் எண்ணி நோட்டில் எழுதுவார். அதற்கு முன் எண்ண வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் வாசலிலேயே மறித்தார்.

"பதினாலு. எழுதிக்கோ."

"என்ன மாமா, வைரமா குடுக்கறீங்க?"

"வைரமா இருந்தா உனக்கா குடுப்பேன்? எழுதும்மா."

சிரித்துக்கொண்டே ஒரு சீட்டில் எழுதினாள். ஒருவருக்கு எழுதிவிட்டு இன்னொருவருக்கு எழுதாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. அன்று வாங்கியது மொத்தம் நாற்பத்தாறு.

மறுநாள் கடையில் அவள் சீட்டை வீடு வீடாக நோட்டில் ஏற்றிவிட்டு மருந்துக்கடைக்காரர் டப்பாவை எண்ணினார். முப்பத்தெட்டுதான் இருந்தது.

மறுபடி எண்ணினார். அதே முப்பத்தெட்டு. "தப்பா எழுதிட்டீங்களோ?"

"நான் தப்பா எழுதி எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

சொல்லும்போதே டப்பா வந்த வழியை மனதுக்குள் திரும்ப நடந்து பார்த்தாள். வாசலுக்கும் கடைக்கும் நடுவில் டப்பா தங்கிய இடம் ஒன்றே ஒன்று. அவள் வீடு. அங்கே இருப்பது இரண்டே பேர்.

கணவர் வெல்டர். ஏழு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவர் இரண்டு வாரத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். அதற்குப் பிறகும் மனிதர் சாப்பிடும்போதே கண் சொருகினார். சும்மா உட்கார்ந்திருப்பதால் வரும் சோம்பல் என்று இவள் நினைத்திருந்தாள்.

நேராக வீட்டுக்கு நடந்தாள்.

"என்ன, போன வேகத்துல வந்துட்ட?"

"எட்டு குறையுது."

அவர் டிவியை அணைத்தார். "வலி போயிடுச்சு. மாத்திரைதான் போக மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"என்னோடது தீர்ந்ததும் ஒரு கூட்டாளிகிட்ட வாங்கினேன். டப்பா வந்ததுலேர்ந்து இதுல."

"ஊரெல்லாம் கதவத் தட்டி வாங்கி, உங்க கைக்கு எட்டுற மாதிரி நானே கொண்டுவந்து வச்சிருக்கேன்."

"வெளிய சொல்லிடாத. தலை காட்ட முடியாது."

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கை தவறி எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மருந்துக்கடைக்காரர் நம்பிவிடுவார். நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளும் முன்போலவே திறக்கும். டப்பாவும் அதே தட்டுக்கு வரும்.

"சொல்லாம இருந்தா அடுத்த தடவையும் குறையும். அப்புறம் ஒரு நாள் நீங்களே குறைஞ்சிடுவீங்க" என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் மருத்துவரிடம் போனார்கள். சட்டென்று நிறுத்தக்கூடாது, வாராவாரம் குறைக்கலாம், அன்றன்றைய மாத்திரையைக் கடையிலிருந்து அன்றன்றைக்கே வாங்க வேண்டும் என்றார் அவர். திரும்பும் வழியில் கணவர், "நூலகக் கூட்டத்துல சொல்லிக்கோ. நான் வரமாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் மறுபடி கூடியபோது அவள் எழுந்து நின்று நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"அப்போ இனிமே டப்பாவ யார் எடுக்கறது?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"அவதான் எடுக்கணும்" என்றார் கடிகாரக்காரர். "வாசல்லயே எண்ணணும், எழுதணும், நேரா கடைக்குப் போகணும். டப்பா யார் வீட்லயும் தங்கக்கூடாது. நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

"நீங்க உங்க பதினாலுக்குத்தானே சொன்னீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

தையல்காரர் சிரிக்கவில்லை. "அவரை தினம் என் கடைப்பக்கமா வரச்சொல்லுங்க அக்கா. மருந்துக்கடைக்கு நானும் கூடப் போறேன். பொண்ணுக்காகப் போய்ப்போய் எனக்கு இந்தப் பாதை பழக்கம்."

கூட்டம் கலைந்ததும் மருந்துக்கடைக்காரரிடமிருந்து அவள் நோட்டை வாங்கினாள். வீட்டு எண்களின் வரிசையில் இருநூற்றுப் பதினேழுக்கு எதிரே, மற்றவர்கள் கொடுத்ததை எழுதியிருந்த கட்டத்தில், 'எடுத்தது 8' என்று எழுதினாள். அது அவளுடைய வீடு.

"இதை எதுக்கு, அடிச்சிடலாமே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இருக்கட்டும். அது அந்தத் தேதிக்கான ரீடிங். அடுத்தது வரட்டும்" என்று சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.