ஒரே பெயரில் மூன்று நிலம்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் இன்றைக்கு ஜவ்வாது மலையில் புளி வாங்க வருகிற எந்த வியாபாரியும் எங்கள் புளி விவசாயிகள் சங்கத்தைக் கேட்காமல் விலை பேச மாட்டான். தலையில் மூட்டையோடு போளூர் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்த நான்தான் இந்தச் சங்கத்தைக் கட்டினேன். என் வாயால் சொன்னால் தற்பெருமை என்பார்கள். நடந்ததைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

சங்கத்துக் காகிதம் எல்லாம் சில வருஷமாக ஒரு கம்பெனியின் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கிற அவர்கள் கம்ப்யூட்டரில், இருந்தது. உறுப்பினர்களின் பட்டா, நிலத்தின் படம், மரங்களின் போட்டோ, எல்லாமே. மலையில் நாலு தூறல் விழுந்தால் இன்டர்நெட் போய்விடும். நம் காகிதத்தை நாமே பார்க்க முடியாது. ஒரு தடவை புளி லாரி வாசலில் நிற்கும்போது, உங்கள் கணக்கில் சந்தேகம் இருக்கிறது என்று அந்தக் கம்பெனி கதவைப் பூட்டிக்கொண்டது. யாரைப் போய்க் கேட்பது? முகம் தெரியாதவன் வீட்டில் என் சனத்தின் பட்டா எதற்கு என்று அன்றைக்கே தீர்மானித்தேன். சொந்தமாகப் பெட்டி வாங்கி, சங்க ஆபீசிலேயே வைத்துக்கொள்வது என்று. கமிட்டியில் யாருக்கும் இது தோன்றவில்லை, எனக்குத்தான் தோன்றியது.

போளூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தேன். கெட்டிக்காரி. பீரோ பக்கத்தில் சர்வர் பெட்டியை வைத்து, கிளவுடில் இருந்ததை எல்லாம் அதற்குள் இறக்கினாள். முடிந்த அன்று மத்தியானம் என்னிடம் வந்தாள்.

"எல்லாம் எறங்கிடுச்சுங்க ஐயா. அங்க இருக்கறது ஒரு மாசம் அப்படியே கெடக்கட்டுமே?"

"இன்னாத்துக்கு? வூடு மாத்துனப்புறம் பழைய வூட்ல போய் பாய் விரிச்சுப் படுப்பியா?"

சிரித்தாள். "அதுக்கில்லீங்க. அங்க இருந்ததுக்கு இங்க மொத்த அளவு கொஞ்சம் கம்மியா காட்டுது. முன்னாடி வேணாம்னு தூக்கிப் போட்டதும் அங்கத்துக் கணக்குல சேர்ந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்போ அதான். அழிச்சுடு."

அழித்தாள். அழித்தவை முதலில் அங்கேயே ஒரு குப்பைத்தொட்டிக்குள் போகுமாம். அதையும் காலி செய்யச் சொன்னேன். பொத்தானைத் தட்டிவிட்டு, "நெறைய கீதுங்க. அங்க அதுவா ஒண்ணு ஒண்ணா அழிச்சிக்கினு இருக்கும்" என்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளே வந்தான். முறைக்கு மாப்பிள்ளை; மேலூரில் புளியந்தோப்பு வைத்திருக்கிறவன். போன கோடையில் அவன் கூரைவீடு எரிந்து, வனத்துறை கொடுத்த பட்டாவும் அதோடு போய்விட்டது. எங்களிடம் இருக்கிற அதன் படம்தான் மிச்சம்.

"மாமா, நாளைக்குக் காலைல வனத்துறைக்காரங்க எல்லைக்கல்லு நட வர்றாங்க. காயிதம் காட்டாதவன் மரம் எல்லாம் காட்டோட சேந்துடும்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடு."

"இத்தினி நாளு தூங்கிக்கினு இருந்தியா?"

"உன் பெட்டியில பத்திரமா கீதுன்னு ஊரு பூரா நீதானே சொல்லிக்கினு திரிஞ்ச!"

அந்தப் பெண் அவன் ஊர் போல்டரைத் திறந்தாள். அவன் பெயர் இருந்தது. தட்டினாள். படம் வந்தது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"இது என் நெலம் இல்ல. ஓடைக்கு அந்தாண்ட இருக்கறது. என் பெரியப்பா மவனுது."

"பேரு உங்களுதுதானே?" என்று கேட்டாள் அவள்.

"அவனுக்கும் அதே பேருதான். சித்தப்பா மவனுக்கும் அதான். தாத்தா பேரு."

எங்கள் மலையில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர். மூன்று அண்ணன் தம்பிக்கு மூன்று தலைமகன் பிறந்தால் மூன்று பேருக்கும் ஒரே பெயர். எங்களுக்குக் குழப்பம் வராது. ஓடைக்காட்டுக்காரன், பாறைக்காட்டுக்காரன் என்று நிலத்தை வைத்துக் கூப்பிடுவோம். சங்கத்து எழுத்தர்கள் ஆளின் பெயரை மட்டும் போட்டு ஊர்வாரியாக ஏற்றிவிட்டார்கள். கிளவுடில் ஒரே பெயரில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

அவள் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அங்க ஒரே பேர்ல எத்தினி வேணா இருக்கலாங்க. இந்தப் பெட்டியில ஒரு பேருக்கு ஒண்ணுதான். ஒண்ணு மேல ஒண்ணா எழுதிடுச்சு. கடைசியா வந்தது மட்டும்தான் நின்னிருக்குது. அதான் அளவு கம்மி."

"மீதி?"

"குப்பைத்தொட்டியில. காலியாயிக்கினு இருக்குது."

"நிறுத்து!"

திரும்பினாள். இன்டர்நெட் போயிருந்தது.

மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, "தோப்பு போச்சா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

"எழுந்து வா" என்றேன்.

ஜீப்பை நான்தான் எடுத்தேன். மழையில் அந்த மலைப்பாதையில் என்னைப் போல் ஓட்ட ஆள் இல்லை. டிரைவர் வைத்துக்கொண்டதும் மரியாதைக்குத்தான். போளூர் போகிற வழியில் ஒரு வளைவில் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும். அங்கே செல்போனுக்கு டவர் கிடைக்கும். வழி பூரா அவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

வளைவில் அவள் போனுக்கு டவர் வந்தது. போனை லேப்டாப்போடு சேர்த்தாள். இணைப்பு மாறியதால் அந்தக் கம்பெனிக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. "ஓடிபி நம்பர் கேக்குதுங்க. உங்க போனுக்குத்தான் வரும்."

என் சிம் வேறு கம்பெனி. அது அங்கே எடுக்காது. ரோட்டுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் எடுக்கும். இந்த வயதில் ஏறினேன். பாசி வழுக்கியது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கு காலால் ஏறினேன் என்றே வையுங்கள். மேலே போனதும் போன் ஒலித்தது. எண்களைக் கத்தினேன். மழைச் சத்தத்தில் கீழே கேட்கவில்லை. மாப்பிள்ளை பாதிப் பாறையில் நின்று, நான் சொன்னதை வாங்கி அவளுக்குக் கத்தினான்.

"நேரம் முடிஞ்சிடுச்சாம்!" என்று கீழிருந்து குரல். "இன்னொண்ணு அனுப்பறாங்க!"

"சீக்கிரம் அனுப்பச் சொல்லு அந்த மகராசன!"

இரண்டாவது வந்தது. எழுத்தில் நான் தடுமாறுவேன். எண்ணில் என்னை எவனும் மிஞ்ச முடியாது. மூச்சு விடாமல் சொன்னேன். மாப்பிள்ளை அதை அப்படியே கீழே அவளுக்குக் கத்தினான்.

நான் இறங்கி வந்தபோது ஜீப்பின் பின் சீட்டில் அவள் லேப்டாப் மேல் குனிந்திருந்தாள். திரையில், குப்பைத்தொட்டியில் மிஞ்சிய பெயர்கள் வரிசை வரிசையாக. பார்க்கும்போதே மேல் வரிசை ஒன்று காணாமல் போனது. இன்னொன்றும் போனது. எங்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான்.

"அதெல்லாம் அப்புறம். மேலூர் எங்க?" என்றேன்.

"தேடறேன்... தோ கீது." அந்தப் போல்டரை முழுசாக மீட்டாள். ஒரு பட்டை மெல்ல மெல்ல நகர்ந்தது. டவர் ஒரு கோட்டுக்குக் குறைந்தது. மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றான். உள்ளே ஏறு என்றால் ஏறவில்லை.

ஆபீசில் பார்த்ததை விட்டால், அவன் பெயரில் இன்னும் இரண்டு படம் வந்தது. முதலாவது சித்தப்பா மகனுடையது. இரண்டாவதைத் திறந்ததும் மாப்பிள்ளை உள்ளே தலையை நீட்டினான். தாத்தாவின் கைநாட்டு, வனத்துறை முத்திரை, தோப்பின் நான்கு எல்லை.

"இதான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் தலையிலிருந்து தண்ணீர் லேப்டாப் மேல் சொட்ட, அவள் "தள்ளுங்கண்ணா, இதுவும் போயிடப் போவுது" என்று அதட்டினாள்.

இருட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்று, மிஞ்சிய ஊர்களையும் ஒவ்வொன்றாக மீட்டாள். இரண்டு ஊர்களில் சில பேருடையது போய்விட்டது. அவர்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அசல் இருந்ததால் மறுபடியும் படம் எடுத்துச் சேர்த்தோம். இப்போது எங்கள் பெட்டியில் ஆள் பெயருக்கு முன்னால் நிலத்தின் பெயர் நிற்கிறது. ஒரு மாசம் போகாமல் எதையும் அழிக்கக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட வைத்ததும் நான்தான்.

அன்றைக்கு ராத்திரியே போளூரில் அவள் கடையில் பிரிண்ட் போட்டோம். மறுநாள் காலை நானும் மாப்பிள்ளையோடு தோப்புக்குப் போனேன். வந்த அதிகாரி காகிதத்தை வாங்கிப் படித்தார். எதிர்ப்பக்கம் நடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் படித்தார். மாப்பிள்ளை பீடியைப் பற்ற வைக்காமல் வாயில் வைத்தபடியே நின்றான். கடைசியில் அவர் கையைக் காட்ட, ஆட்கள் கடைசிப் புளிய மரத்தையும் தாண்டிப் போய்க் குழி தோண்டினார்கள்.

கல்லை இறக்கி மண்ணைத் தள்ளியதும் மாப்பிள்ளை அதை உதைத்துப் பார்த்தான். எனக்குத் திருப்தி இல்லை. நானும் ஒரு தடவை உதைத்தேன். ஆடவில்லை.