சக்கரத்துக்கு வைத்த சந்தனம்

போன சனிக்கிழமை காலை ஒரு நல்ல காரியம் செய்தேன். அதன் பலனைச் சொன்னால் இனிமேல் என் பத்தியைப் படிப்பீர்களா என்பதே சந்தேகம்!

என் மகள் மித்ரா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இங்கே ஃப்ரீமான்ட்டில் அவள் சேர்ந்திருக்கும் சாரணர் குழுவில் வருஷா வருஷம் ஒரு ரேஸ் உண்டு. ஒரு மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சாக நாலு ஆணி – ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து ஒரு சாணுக்குள் அடங்குகிற கார் செய்து, சரிவான ட்ராக்கில் விட வேண்டும். மோட்டார் கிடையாது. தானாக உருண்டு வர வேண்டும். பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலைதான்... செய்வது யார் என்று உங்களுக்கே தெரியும்.

மித்ரா கட்டைக்கு பர்ப்பிள் பெயின்ட் அடித்து, மினுமினுப்புத் தூளைத் தூவினாள். அத்துடன் அவள் பங்கு முடிந்தது. சக்கரமும் அச்சும் என் கணவர் முரளியின் டிபார்ட்மென்ட்.

முரளிக்கு இப்போது வேறு டிபார்ட்மென்ட் இல்லை. பொங்கலுக்கு மறுநாள் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காலையில் ஒரு மெயில். காபியைக் குடித்து முடிப்பதற்குள் லேப்டாப் லாக் ஆகிவிட்டது. காரணம்? மெயிலில் இல்லை. மேனேஜரும் சொல்லவில்லை. "நான் என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லலாம்ல?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். விசா வேறு தலைக்கு மேல் கத்தியாகத் தொங்குகிறது. அப்ளை பண்ணிய இடங்களிலிருந்து 'இல்லை' என்று கூட பதில் வருவதில்லை.

அந்த மனுஷர்தான் கராஜுக்குள் போய் ஆணிகளோடு உட்கார்ந்தார்.

ஆணித் தலைக்கு அடியில் மெல்லிய பிசிறு இருக்குமாம். அதை அரத்தால் ராவினார். ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தார். அதில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. அப்புறம் கிராஃபைட் என்று பென்சில் கரி மாதிரி ஒரு பொடி. அதைச் சக்கரத்தின் துளைக்குள் தட்டிவிட்டார். எண்ணெய் போடக்கூடாது, ஈரமே ஆகாது. சாய்த்த பலகையில் காரை உருட்டி, ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்ப்பார். இழுத்தால் ஆணியைக் கழற்றித் துளி வளைத்து மாட்டுவார். சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதோரம் வைத்துக் கேட்பார்.

"இங்க பாரு உமா, நிக்கவே மாட்டேங்குது!"

பொங்கலுக்குப் பிறகு நான் பார்க்காத சிரிப்பு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒன்றிலாவது இவர் ஜெயிக்க வேண்டும் சாமி... வேறு என்ன கேட்டேன்?

அங்கேதான் பிடித்தது சனி.

ரேஸ் அன்று காலை அவர் குளிக்கப் போயிருந்தார். கார் டைனிங் டேபிளில் இருந்தது. நம் வீட்டில் பூஜை போடாமல் எந்த வண்டி தெருவில் இறங்கியிருக்கிறது? செகண்ட்ஹேண்ட் வேனுக்கே அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தேங்காய் உடைத்தவள் நான். சந்தனத்தைக் குழைத்து நாலு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். மௌரி அவென்யூ இந்தியன் கடையில் வாங்கிய எலுமிச்சம்பழம் முழுசாக வைத்தால் கார் கவிழ்ந்துவிடும் போலிருந்தது. வில்லை வில்லையாக நறுக்கி, சக்கரத்தடியில் வைத்து, அழுத்தி உருட்டினேன். சாறு தெறித்தது. அவர் பார்த்தால் கத்துவாரே என்று ஈரத்துணியால் துடைத்து, பஞ்சு வைத்த பெட்டியில் மூடியதும் நானே. என்ன பொறுப்பு பாருங்கள்!

பள்ளிக்கூட ஹாலில் கார்களை எடை பார்த்து, மேஜையில் வரிசையாக வைத்து, சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ரேஸ் முடியும்வரை யாரும் காரைத் தொடக்கூடாது. அது ரூல்.

முதல் ரவுண்டு. மற்ற கார்கள் சரிவில் சீறிக்கொண்டு போயின. எங்கள் பர்ப்பிள் கார் சமதளத்துக்கு வந்ததும் திணறியது... முடிவுக் கோட்டைத் தொடாமலே நின்றுவிட்டது.

"அப்பா, கேன் யூ ஃபிக்ஸ் இட்?" என்றாள் மித்ரா.

வீட்டில் எது உடைந்தாலும் அவருக்கு ஒரே பதில்தான் – "ஃபிக்ஸ் பண்ணிடலாம்டா." அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முடியாதுடா கண்ணா. இனிமே தொடக்கூடாது."

அடுத்த ரவுண்டிலும் நின்றது. அதற்கடுத்ததிலும் நின்றது. ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்தவர்கள் விடாமல் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்பதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம். மித்ரா என் துப்பட்டாவில் முகத்தை மறைத்துக்கொண்டாள். முரளி மட்டும் ட்ராக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேலை போன அன்று, லாக் ஆன லேப்டாப்பையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்து காரைக் கையில் கொடுத்தார்கள். சக்கரத்தைச் சுண்டிக் காதோரம் கொண்டு போனார். நறநறவென்று அரைத்துவிட்டு நின்றது. மூக்கருகே கொண்டு போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

வேனில் ஏறியதும் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தாங்க... நல்லது நடக்கட்டும்னு சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தினேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல உமா," என்றார். "இது ஏன் நின்னுச்சுன்னாவது தெரிஞ்சுதே."

 

மீதி எலுமிச்சம்பழம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அவரை இன்டர்வியூவுக்கு யாராவது கூப்பிடட்டும்... அன்றைக்கு நான் ஃப்ரிட்ஜ் பக்கமே போக மாட்டேன்!