அசையாமல் படுங்கள் என்றேன்

எழுபதுகளில் நடந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவருக்கு வாதம் வந்து, வலது கையும் காலும் பேச்சும் விழுந்துவிட்டன. இடது கையால் சாப்பிடுவதா என்று மூன்று வாரமாக நானே ஊட்டினேன். பிறகு உள்ளூர் டாக்டர், "மெட்ராஸ்ல ஒரு வார்டு இருக்குது. தங்கவச்சு நடக்கப் பழக்குவாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ரயில் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பெட் கிடைக்காவிட்டால்? ரொம்ப முடியாதவர்களுக்குத்தானே ஆஸ்பத்திரியில் முதல் இடம்? அங்கே அவரைப் பரிசோதனைக் கட்டிலில் கிடத்தியதும் காதில் சொன்னேன்.

"டாக்டரம்மா வந்தா அசையாம படுத்திருங்க. ஒக்காராதீங்க."

அந்தம்மா வந்ததும் நானே முந்திக்கொண்டேன். "ஒண்ணுமே முடியலைங்க. எல்லாம் நான்தான் செய்யறேன்."

டாக்டரம்மா சீட்டை என்னிடமே திருப்பி நீட்டினார். "அப்ப இந்த வார்டு இவருக்கு இப்போ சரிப்படாதும்மா. இங்க தினமும் மணிக்கணக்கா பயிற்சி. உக்காந்து அதைத் தாங்கற தெம்பு இருக்கணும். தேறினதும் கூட்டிட்டு வாங்க."

சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ளாமல் சீட்டை வாங்கிக்கொண்டேன். அப்போது கட்டில் கிறீச்சிட்டது. என் கணவர் இடது கையால் கம்பியைப் பிடித்து, உடம்பெல்லாம் நடுங்க எழுந்து உட்கார்ந்தார். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

பெட் கிடைத்தது. மத்தியானம் சோற்றுத் தட்டை அவருடைய இடது பக்கம் வைத்தேன். அவரே அள்ளிச் சாப்பிட, பாதிச் சோறு மடியில் சிந்தியது. ஊட்டப் பரபரத்த கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரமாக அவரைப் படுக்கவைத்தது வாதம் மட்டும்தானா என்று, அன்றைக்குத்தான் பயந்தேன்.