தாய்வீட்டு அட்டைகள்

மெர்டேக்கா என்று நாட்டுக்கு விடுதலை வந்ததும் ஊரில் எல்லோரும் ஏதோ ஒன்றிலிருந்து விடுபட்டார்கள். கஜா பெராங் வட்டாரத்துப் பொன்னுதுரை மட்டும் நாலு கட்டத்துக்குள் போய் மாட்டிக்கொண்டார்.

மருத்துவமனையில் நோயாளிகளின் அட்டைகளை அடுக்கும் கிராணி அவர். ஆராய்ச்சிக்கு வந்த ஒரு டாக்டர் அந்த நாலு கட்ட வித்தையைக் காட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்ட வீடு, காணாத வீடு. மலேரியாக் காய்ச்சல் மாத்திரை தின்று சிறுநீர் கறுத்த வீடு, கறுக்காத வீடு. குறுக்கும் நெடுக்குமாக நாலு கட்டம். இரண்டும் ஒரே வீட்டில் தற்செயலாகச் சேர்வதைவிட மிக அதிகமாகச் சேர்ந்தால், இரண்டுக்கும் பரம்பரை ரத்தத்தில் ஒரே வேர் இருக்கலாம்.

மூன்று வருடம் எண்ணினார். தற்செயலாகவே இரண்டும் சேர்ந்த வீடு ஆறு வரும். வந்தது ஏழு.

"ஏழுக்கா மூணு வருசம்?" என்றாள் மனைவி பூங்காவனம். "பத்து பெரெண்டாம் விமானத் திடல்ல ஏரோப்பிளேன் எண்ணியிருந்தா நூறாவது தேறியிருக்கும்."

மகள் கோகிலா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில்தான் சுற்ற வேண்டும் என்று பூங்காவனம் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வீடெல்லாம் அந்துருண்டை வாசனை.

"யாரு வேட்டி?"

"என் தம்பி கருணாகரனோடது. காய்ச்சல் மாத்திரை தின்னு, காப்பித் தண்ணியாட்டம் மூத்திரம் போய் இருபத்திரண்டு வயசுல செத்தானே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நம்ம வீட்டைத்தானே கேட்டீங்க. அவன் எங்க வீடு."

பொன்னுதுரை மருத்துவமனைக்கு, அட்டைகளிடம் ஓடினார். கட்டிக்கொடுத்த பெண்களையெல்லாம் புருஷன் வீட்டில் சேர்த்திருந்தார். இப்போது தாய்வீட்டுக்குத் திருப்பினார். ஏழு, பத்தொன்பதானது. மஞ்சள் கண்ட குழந்தைகளின் அட்டை மூலையில், அவர் எண்ணவே எண்ணாத தாதியின் கிறுக்கல்: அந்துருண்டைத் துணி. அந்த ரத்தத்துக்கு மாத்திரை மட்டுமல்ல, அந்துருண்டையும் ஆகாது போல.

திரும்புவதற்குள் பேரன் பிறந்துவிட்டான். வேட்டி விரித்தபடி இருந்தது. அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டுத் தன் புதுச்சட்டையில் பிள்ளையைச் சுற்றினார். பூங்காவனம் போய்த் தம்பியின் வேட்டியை எடுத்து மறுபடி பெட்டியில் பூட்டினாள்.

பிள்ளை மஞ்சளாகவில்லை. ரத்தத்தில் அந்த வேர் இல்லாததாலா, வேட்டி படாததாலா? அந்தத் தாய்வழிப் பையன்களில் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. யாருக்கு என்று அட்டை சொல்லாது. வேட்டியைப் போர்த்திப் பார்த்தால் தெரியும்.

பையன் பள்ளிக்கூடம் போகும் வயதிலும், ஒவ்வொரு காலையும் பொன்னுதுரை கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றார்.

"என்ன நிறம்டா?"

"தாத்தாவுக்கு வேற வேலையே இல்ல."

கறுப்பில்லை என்ற பதில் வரும்வரை, இருபத்திரண்டு வயதிலேயே நின்றுபோன கருணாகரனும் சுவரில் சாய்ந்து பக்கத்தில் காத்திருப்பான்.